இருப்பு இல்லை

தேசம்மாள் டீச்சருக்கு எழுத்து, எனக்குச் சொல்.
ஒரே அறை. நடுவில் ஒரு பச்சை பீரோ.
அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு, இந்தப் பக்கம் இரண்டு.
அங்கே க்-கும் அ-வும் சேர்ந்து க ஆகிற சத்தம்
தகரத்தில் மழை விழுவதுபோல
பதினொன்றரை வரை ஓயாது.
இங்கே மின்னட்டை, படம், யூகம்.

காட்பாடிப் பயிற்சியில் சொல்லியனுப்பினார்கள்:
சொல்லை முகம்போலக் காட்டுங்கள், பிள்ளை அடையாளம் கண்டுகொள்ளும்.
அடுத்த வருஷம் அதே மண்டபம், அதே தக்காளி சாதம்,
ஒலியிலிருந்து தொடங்குங்கள் என்றார்கள்.
நான் முகத்தோடு நின்றுவிட்டேன்.

பவிஷ் என் பெருமை.
தோல் ஷாப்பு முனையில் பஸ் திரும்பும்போதே
‘குடியாத்தம்!’ என்று கத்துவான்.
ஒருநாள் பலகையில் ‘குடித்தனம்’ என்று எழுதினேன்.
‘குடியாத்தம்’ என்றான், கண்ணிமைக்காமல்.
பீரோவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

யுவஸ்ரீ அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள்.
ஓர் எழுத்தும் தப்பாது.
ப... ட்... ட... ம்...
நாலு செங்கல்லை அடுக்கிவிட்டு
என் முகத்தைப் பார்ப்பாள்.
ஜன்னலுக்கு வெளியே பையன்கள் விட்ட பட்டம்
அதுபாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது.

அஃப்ரீன் வேறு மாதிரி.
புத்தகத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் மூன்று புள்ளிக்கு
எங்கள் வகுப்பில் சொந்தக்காரி அவள் ஒருத்திதான்.
வழுக்கிக்கொண்டு வாசிப்பாள்.
‘அவரை’ என்று வாசித்தாள்.
காயா, ஆளா என்றேன்.
புத்தகத்தை மூடிவைத்துக்கொண்டாள்.
அவள் அம்மா சுற்றுகிற பீடிக்கும்
கொடியில் தொங்குகிற பீர்க்கங்காய்க்கும்
ஒரே பீ-யை வைத்துக்கொண்டு
அந்தப் பிள்ளை இவ்வளவு தூரம் வந்ததே பெரிது.

சித்திரை வெயில். சனிக்கிழமை. ரேஷன் கடை.
பை வைத்து வரிசை பிடித்திருந்தேன்.
மூன்றும் முன்னால் நின்றன.
கரும்பலகையில் சாக்பீஸ்:
துவரம் பருப்பு இருப்பு இல்லை.

‘பருப்பு வந்துடுச்சி!’ என்றான் பவிஷ்.
முதலிரண்டு சொல்லோடு அவனுக்கு வேலை முடிந்தது.
வரிசை முழுக்க அசைந்தது.
‘இருடா,’ என்றாள் யுவஸ்ரீ, விரலை நீட்டி.
‘இ... ரு... ப்... பு...
இருக்குன்னுதான் போட்டுகீது.’
அப்புறம் விரல் தயங்கியது.
‘இ... ல்... லை...’
‘இருக்கா, இல்லையா? இன்னாடி இது?’ என்றான் அவன்.
நான் வாயைத் திறக்கப் போனேன்.
அதற்குள் அஃப்ரீன் திரும்பி,
புர்காவை விசிறிபோல ஆட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம்
சாதாரணமாகச் சொன்னாள்:
‘தால் நை, அம்மீ.’

பவிஷ் தலையில் அடித்துக்கொண்டான்.
நான் வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

திங்கள்கிழமை தேசம்மாளிடம் சொன்னேன்.
முழுசும் கேட்டார். சிரிக்கவில்லை.
‘பீரோவத் தள்ளு,’ என்றார்.
சத்துணவு சமைக்கும் சுகந்தாவும் வந்து கைகொடுத்தாள்.
ஒரு கால் முறிந்தது. பின்னால் கரையான்.
கரையான் பாதி தின்ற ஒரு மின்னட்டை:
படம் போய்விட்டது, ‘யானை’ மட்டும் இருந்தது.

சண்டை தீர்ந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம்.
படம் காட்டிப் பிள்ளைகளைக் கெடுக்கிறேன் என்பார் இன்றும்.
நீங்கள் கத்துவதில் ஓணான்கூடத் தங்குவதில்லை என்பேன்.
ஆனால் யுவஸ்ரீயை பவிஷ் பக்கத்தில் உட்காரவைத்தது அவர்.
அஃப்ரீனிடம் எல்லாச் சொல்லுக்கும்
வீட்டுச் சொல்லைக் கேட்டு எழுதிக்கொள்வது நான்.
அவரை, சேம்.

ஜூலையில் ஒரு படிவம் வந்தது.
‘கையாளும் முறை’ என்றொரு கட்டம்,
ஒரு சொல் கொள்ளும் அளவு.
அவர் பேனாவை என்னிடம் தள்ளினார்.
நான் அவரிடம்.

அப்போதுதான் யுவஸ்ரீ வந்தாள்,
பஸ் ஸ்டாண்டு போர்டைப் பார்த்துவிட்டு.
‘டீச்சர், பேரணாம்பட்டுல
கொம்பு மொதல்ல நிக்குது.
ஆனா ப-வைத்தானே மொதல்ல சொல்றோம்?’

நான் தேசம்மாளைப் பார்த்தேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
இரண்டு பேருமாக முப்பத்தொன்பது வருஷம்
அந்தக் கொம்பைத் தாண்டித் தாண்டித்தான்
ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறோம்.